பெயரில்லாத மண்டபத்துக்குச் சாட்சி தேடினேன்

தெரியாத விஷயத்தைத் தெரியாது என்று ஒரு வரியில் சொல்லாமல் இருநூறு பக்கம் எழுதும் தொழிலுக்கு ஆராய்ச்சி என்று பெயர்.

இதில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சகோதரர்களே, யுத்தகாலத்தில் நானும் அப்படி முழித்தவன்தான். சென்னையில் எம்.ஏ. முடித்துவிட்டுச் செஞ்சிக் கோட்டையைப் பற்றி எழுதக் கிளம்பினேன். ஐந்து அத்தியாயம் தேறிவிட்டது. ஆறாவதில் வண்டி நின்றது. கோட்டையின் மூன்று மலைகளில் ஒன்றான கிருஷ்ணகிரியின் அடிவாரத்தில் கூரையில்லாத சின்ன மண்டபம் ஒன்று. அதை எதற்காகக் கட்டினார்கள் என்று சொல்ல ஆளில்லை.

என் பேராசிரியருக்கு ஒரே ஒரு கேள்விதான் தெரியும். எதை எழுதிக்கொண்டு போனாலும் ஓரத்தில் சிவப்பு மையில், 'இவருக்கு எப்படித் தெரியும்?' என்று போட்டுவிடுவார். ஒரு சங்கதியைச் சொல்பவர் கண்ணால் கண்டவரா, காதால் கேட்டவரா, யாரோ எழுதியதைப் பார்த்து எழுதியவரா என்று பிரித்துக் காட்டியாக வேண்டும். அந்த வருஷமும் பட்டம் வராவிட்டால் என்னை மாமாவின் அரிசி மில்லில் உட்கார வைப்பதாக வீட்டில் முடிவாகியிருந்தது. உமித் தூசி பட்டாலே எனக்குத் தும்மல் நிற்காது. ஆகவே மண்டபத்தை விட எனக்கு மனசில்லை.

கண்ணால் கண்டவர்

மண்டபத்தை ஒட்டி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்தவர் சவரிமுத்து. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வெள்ளை வேட்டியோடு வந்தவரை வரப்பிலேயே மடக்கினேன். தலைமுறை தலைமுறையாக அதே நிலத்தில் உழுகிற குடும்பம். இவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும் என்று பென்சிலைக் கூராகச் சீவி வைத்துக்கொண்டேன்.

அவர் மண்டபத்தைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். தூணைத் தட்டிப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "வெயிலுக்கு எங்க மாடு நிக்கிற எடம் சார் இது. நான் கண்டது அவ்ளோதான். அதுக்கு முன்னாடி இன்னான்னு கேட்டா, மாடும் சொல்லாது."

கல்லுக்கு வைத்தியம்

மனிதர்கள் கைவிட்டால் கல் இருக்கிறது. மண்டபத்துத் தூண் ஒன்றில் மங்கலாக எழுத்து தெரிந்தது. கல்வெட்டைவிட நேரான சாட்சி உண்டா? படியெடுக்க உட்கார்ந்தேன். கல்லைக் கழுவி, காகிதத்தை நனைத்து ஒட்டி, எழுத்துப் பள்ளத்தில் அழுந்தும்படி பிரஷ்ஷால் அடித்து, மேலே மை ஒற்ற வேண்டும். உச்சி வெயிலில் முதுகு தோல் உரிந்தது.

எடுத்துப் பார்த்தால் எழுத்து தலைகீழாக நின்றது. அதாவது எங்கேயோ இடிந்த கட்டடத்துத் தூணைக் கொண்டுவந்து இங்கே கவிழ்த்து நட்டிருக்கிறார்கள். வேறு ஏதோ ஊர்க் கோயிலுக்கு விளக்கெரிக்கும் நெய்க்காக ஆடு தானம் விட்ட சமாசாரத்தை அது சத்தியமாகச் சொன்னது. என் மண்டபத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, புல்லுக்கட்டோடு போன ஒரு அம்மாள் நின்று, ஈரக் காகிதத்தையும் என்னையும் பார்த்துப் பரிவோடு கேட்டாள்: "கல்லுக்கு இன்னா சார், சுளுக்கா? பத்து போட்டுகினு கீறீங்க?"

அச்சில் வந்த உண்மை

அப்புறம் ஒரு சின்னப் புத்தகம் கிடைத்தது. 'இம்மண்டபம் ஆயுதசாலை என்பது உள்ளூர் வாத்தியார் ஒருவர் கருத்து' என்று அச்சில் போட்டிருந்தது. துள்ளிக் குதித்து வாத்தியார் வீட்டுக்கு ஓடினேன். ஆயுதசாலை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். அவர் கம்பீரமாக உள்ளே போய், அதே புத்தகத்தை எடுத்துவந்து, அதே பக்கத்தைப் பிரித்துக் காட்டினார்.

"அந்த வாத்தியார் நீங்கள்தானே?" என்றேன். அவருக்கு வெட்கமே இல்லை. "நான்தான். நான் சொன்னது தப்பா இருந்தா அச்சுல போடுவாங்களா சார்?"

மூன்று சாட்சிகள்

வாத்தியாரை நினைத்து வாரக்கணக்கில் சிரித்தேன். கோட்டை சுற்றிக் காட்டும் கோவிந்தனிடம் காபி கிளப்பில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். பிறகுதான் அதிர்ஷ்டம் அடித்தது.

அனந்தபுரம் சந்தையில் வெற்றிலை விற்றவர், அந்த மண்டபம் குதிரை வைத்தியசாலை என்றார். அடுத்த வாரம் மேல்சித்தாமூரில் நெல் வியாபாரி நயினார் வீட்டுக்குப் போனேன். இருட்டிய பின் சாப்பிடாத ஜைனர் வீடு என்பதால் பொழுது சாய்வதற்குள் இலை போட்டுவிட்டார்கள். மோர் சாதத்துக்கு நடுவே அவரும் அதையே சொன்னார். காயம்பட்ட குதிரையை நிறுத்திக் கட்டவே தூண்களை நெருக்கி நட்டார்களாம். கோவிந்தனைக் கேட்டேன், "சந்தேகமே இல்ல சார்" என்றான். மூன்று ஊர், மூன்று தொழில், ஒரே வாக்கு! அத்தியாயத்தை எழுதி நானே சென்னைக்குக் கொண்டுபோனேன். பேராசிரியர் மூன்று பேருக்கும் நேராக மூன்று தரம் சிவப்பு மையால் அதே கேள்வியைப் போட்டார். மாமாவின் மில் மூக்கில் நமநமத்தது.

கரிப்புகை கக்கும் பஸ்ஸில் மறுபடி செஞ்சிப் பிரயாணம். வெற்றிலைக்காரருக்கு, சந்தைக்கு நெல் விற்க வந்த நயினார் சொன்னாராம். நயினாருக்குக் கோட்டை பார்க்க வந்தபோது கோவிந்தன் சொன்னானாம். கோவிந்தனின் சட்டையைப் பிடிக்காத குறையாக, "உனக்கு யாருடா சொன்னது?" என்றேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்: "மறந்துட்டீங்களா சார்? காபி கிளப்புல வாத்தியார நெனச்சி சிரிச்சப்ப, 'ஆயுதசாலையாவது, குதிரை ஆஸ்பத்திரின்னு சொன்னாலும் நம்பலாம்'னு நீங்கதான சொன்னீங்க? படிச்சவங்க சும்மாவா சொல்வாங்க?"

சிவப்பு மை

அன்றைக்கு வாத்தியார் வீட்டு வழியாகப் போக எனக்கு முகமில்லை. அறைக்கு வந்து அத்தியாயத்தை முழுக்கக் கிழித்தேன். கல்வெட்டு வேறு இடத்தது, புத்தகம் வாத்தியார் சொன்னது, ஊர்ப்பேச்சு நான் கிளப்பியது என்று ஒவ்வொன்றாக எழுதிக் கழித்தேன். கடைசியில் மிஞ்சியது ஒரே வாக்கியம்: 'இது எதற்காகக் கட்டப்பட்டது என்பது தெரியவில்லை, இப்போது வெயில் நேரத்தில் இங்கே சவரிமுத்துவின் மாடுகள் நிற்கின்றன.' மில்லுக்குப் போகப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பேராசிரியர் இரண்டு தரம் படித்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தார், யோசித்தார், மூடினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "மாடு நின்றதை நீர் நேரில் பார்த்தீர் அல்லவா?"

பட்டம் வந்துவிட்டது, மில் தப்பியது, ஆனால் கோட்டை பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் கோவிந்தன் இன்றும் அந்தக் குதிரை ஆஸ்பத்திரியைக் காட்டி, ஆதாரமாக என் பட்டத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறான்.