அந்தோணிராஜ் சார் தேர்ந்தெடுத்த வெள்ளைப் பெட்டி

ரோஜாப்பூ ஓரம் போட்ட அந்தக் 'கண்ணீர் அஞ்சலி' படம் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அதிர்ச்சியே வரவில்லை. நம் பம்பு கம்பெனியின் வரைபடப் பிரிவில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் அந்தப் படத்தைச் செய்து அனுப்புகிறவர் அந்தோணிராஜ் சார்தான். இந்த முறை யாருக்குச் செய்திருக்கிறார் பார்க்கலாம் என்று கையைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினேன். உள்ளே அவர் முகம் இருந்தது. மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். படத்தை வேறு யாரோ செய்திருந்தார்கள். அவர் பெயரையே தப்பாக அடித்திருந்தார்கள்.

அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று நண்பர்கள் கேட்டபோது முடியாது என்றுதான் சொன்னேன். எனக்கு அவர்மேல் கோபம். செத்துப்போனவர்மேல் என்ன கோபம் என்பீர்கள். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. கடைசியில் என்னை எழுதச் சொன்னவள் அவர் மகள் ஜெனி. "எல்லாரும் நல்லவரு நல்லவருன்னே எழுதிப்போட்டாங்க ஆன்ட்டி. நடந்ததை நீங்களாச்சும் எழுதுங்க" என்று போனில் சொன்னாள். அதனால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் நல்லவர்தான், அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. உங்களில் பலர் வீட்டுக் கம்ப்யூட்டர் அவர் சொல்லி வாங்கியது. பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கவேண்டும் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், மதியச் சாப்பாட்டு டப்பாவை ஓரம் தள்ளிவிட்டு ஆரம்பித்துவிடுவார். முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "அதுல என்னங்க பண்ணப் போறீங்க?" கையில் எவ்வளவு இருக்கிறது என்பதெல்லாம் அதற்கப்புறம். பதில் தெரியாமல் விழிப்பவர்களை, "போய் யோசிச்சுட்டு வாங்க, ஒண்ணும் அவசரமில்லீங்க" என்று மரியாதையாகத் திருப்பி அனுப்புவார்.

நான் அவரிடம் போய் நின்றது இரண்டு வருடம் முன்பு, தீபாவளி போனஸ் வந்த சமயம். என்னிடம் பதில் தயாராக இருந்தது. லாரி ஓட்டவேண்டும். என் அப்பா மேட்டுப்பாளையத்திலிருந்து காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். தம்பியை மடியில் உட்காரவைத்து ஸ்டியரிங்கைப் பிடிக்கவிடுவார். எனக்குக் கிளீனர் பக்கத்து ஜன்னல்தான். இப்போது கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் கேம் இருக்கிறது, மழையில், பனியில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை ரோடு. இதை வீட்டில் சொன்னதற்கு என் வீட்டுக்காரர், "புள்ளையைக் காலேஜுக்கு அனுப்பற வயசுல உனக்குக் கேமு கேக்குதா?" என்று ஒரு வாரம் கிண்டல் செய்தார். அந்தோணிராஜ் சார் சிரிக்கவில்லை. "நல்ல கேமுங்க அம்மணி. பொறுமை வேணும்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன்.

பிறகு தினமும் சாப்பாட்டு நேரத்தில் பாடம். எங்களுக்குத் தெரிந்த பாஷையிலேயே சொல்வார்.

"ஏனுங்க அம்மணி, ரெண்டு எச்.பி. மோட்டாரைக் கொண்டுபோய் அஞ்சு எச்.பி. பம்புல மாட்டுனா என்னாகும்?"

"மோட்டார் புகைஞ்சு போகும்."

"அதேதானுங்க இங்கயும். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஜோடி சேரோணும். ஒண்ணை மட்டும் பெருசா வாங்கி மாட்டுனா காசுக்குப் புடிச்ச கேடு."

மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் மட்டும் மிச்சம் பிடிக்கவே விடமாட்டார். "அது போனாத் தனியாப் போகாதுங்க, நாலு பேரைக் கூட்டிட்டுத்தான் போகும்" என்பார். கேபினெட்டுக்குள் கலர் கலராக மின்னும் விளக்குகளைக் கண்டால் அவருக்கு ஆகாது. "ஆட்டோ ஸ்டாண்டுல மாரியம்மன் நோம்பிக்கு சீரியல் லைட்டு போட்டாப்பல இருக்குது. வெளக்கு கேம் ஆடாதுங்க, நீங்கதான் ஆடோணும்" என்பார். இதையெல்லாம் நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

காந்திபுரத்தில் கடைக்குப் போன அன்று அவரைப் பார்த்திருக்கவேண்டும். கடைக்காரர் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டைப் பாதி விலைக்குத் தருவதாக ஆசை காட்டினார். சார் அதை மூக்குக்கிட்ட வைத்து மோந்து பார்த்து, "இது எங்கயோ ராப்பகலா ஓடிக் களைச்சுப்போன கார்டுங்க. எங்க அம்மணிக்கு வேண்டாமுங்க" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. நமக்காக ஒருத்தர் இப்படி நிற்கிறாரே என்று.

ஆனால் அதே கடையில் மூன்று விஷயத்தில் அவர் பிடிவாதம் எனக்குப் புரியவில்லை. நான் கறுப்புக் கேபினெட் எடுத்தேன், விலையும் குறைவு. அவர் பக்கவாட்டில் கண்ணாடி வைத்த வெள்ளைப் பெட்டிதான் என்றார். "காத்து நல்லாப் போகுமுங்க." எனக்குப் பெரிய ஸ்கிரீன் வேண்டும், ரோடு தெரியவேண்டும். அவர் ஸ்கிரீனைச் சின்னதாக்கிவிட்டுக் கிராபிக்ஸ் கார்டை ஒரு படி மேலே ஏற்றினார். "என் லாரிக்கு இவ்வளவு எதுக்குங்க சார்?" என்று கேட்டேன். "ஸ்கிரீனைப் பொறவு மாத்திக்கலாமுங்க. கார்டை அப்படி மாத்த முடியாது" என்றார். மூன்றாவது, உள்ளே ஊதா நிறத்தில் எரியும் ஒரு விசிறி. விளக்கே ஆகாது என்றீர்களே என்று மடக்கினேன். "இது ஒண்ணு இருந்துட்டுப் போகட்டுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் ஆசை இருக்காதா என்று நினைத்து விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்து, கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்து பாகங்களை ஒவ்வொன்றாகப் பூட்டிக் கொடுத்தார். நான் சந்தனம் குங்குமம் வைக்கப் போனபோது, "கண்ணாடியில மட்டும் வேண்டாமுங்க" என்று கேட்டுக்கொண்டார். வேலை முடிந்ததும் போனை எடுத்து முன்னால், பக்கத்தில், கண்ணாடி வழியாக என்று படம் பிடித்தார். கேபினெட்டுக்கு மேலே நான் ஒரு சின்ன முருகன் படம் வைத்திருந்தேன். அதை மெதுவாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டு எடுத்தார். "வெளிச்சம் அடிக்குதுங்க" என்றார். வெளிச்சம் ஜன்னல் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அது எனக்கு அப்போதே தோன்றியது, ஆனால் வேலை செய்து கொடுக்க வந்த மனிதரிடம் அதையா கேட்பது? நாலைந்து மாதத்துக்கு ஒரு தடவை தானாகவே வருவார், தூசி ஊதிவிடுவார், காபி குடிப்பார், படம் எடுத்துக்கொண்டு போவார். "கண்ணு மாதிரி பாத்துக்கோங்க" என்பார். இப்படி ஒரு மனிதரா என்று என் வீட்டுக்காரரே மெச்சினார்.

அவரை அடக்கம் செய்து ஒரு மாதம் கழிந்திருக்கும். போத்தனூரிலிருந்து அவர் மனைவி எனக்குப் போன் செய்தார்.

"சுமதி, ஜெனிக்கு ரிசல்ட் வந்துருச்சுங்க. நல்ல மார்க்கு. அவளோட கம்ப்யூட்டரை எடுத்துக்க வரலாங்களா? ப்ளஸ் டூ முடியற வரைக்கும் ஊட்டுல வேண்டாம், சுமதி அம்மணி ஊட்டுல பத்திரமா இருக்கும்னு அவரு சொல்லிப்போட்டாருங்க. இத்தன நாளு எடம் குடுத்து வெச்சிருந்தீங்க, மறக்க மாட்டோமுங்க."

அந்த அம்மாவின் குரலில் பொய் இல்லை. அழுகையை அடக்கிக்கொண்டு நன்றி சொல்கிற குரல் அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதுக்கென்னங்க, வரச் சொல்லுங்க" என்றேன். நம் ஊர்க்காரர்களுக்கு இல்லை என்ற சொல் வாயில் வராது, அதுவும் துக்கத்தில் இருப்பவரிடம் வரவே வராது. இது அந்தோணிராஜ் சாருக்கு நன்றாகத் தெரியும். போனை வைத்தபிறகுதான், என் கம்ப்யூட்டர் எப்படி ஜெனியுடையதாகும் என்று யோசித்தேன்.

ஜெனி சனிக்கிழமை காலையில் வந்தாள். கீழே ஆட்டோவை நிறுத்திவிட்டு, சுற்றி எடுத்துப்போகப் பழைய பெட்ஷீட்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வந்தாள். உள்ளே வந்து அதைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. அப்பா போனபிறகு அந்தப் பிள்ளை சிரித்து அன்றுதான் நான் பார்த்தேன். கண்ணாடியில் கையை வைத்து உள்ளே பார்த்தாள்.

"வெள்ளைதான் வேணும்னு நான் அடம் புடிச்சேன் ஆன்ட்டி. அப்பா கறுப்பு போதும்னாரு. டைனிங் டேபிள்ல உக்காந்து ரெண்டு பேரும் மாசக்கணக்கா பிளான் போட்டோம். பட்ஜெட் பத்தல. ஸ்கிரீன் பொறவு மாத்திக்கலாம், கார்டை மட்டும் விட்டுராதீங்கப்பான்னு நான்தான் சொன்னேன்."

பேசிக்கொண்டே போனை எடுத்துப் படங்களைக் காட்டினாள். என் மேசை. என் ஜன்னல் திரைச்சீலை. முருகன் படம் இல்லாத வெள்ளைப் பெட்டி. "படிக்கப் புடிக்காதப்ப எல்லாம் இதைத்தான் எடுத்துப் பாப்பேன்" என்றாள்.

எனக்கு அந்த நிமிடத்தில் வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? எனக்காக அவர் கடையில் சண்டை போட்டது, தூசி ஊத வந்தது, கண்ணு மாதிரி பார்த்துக்கொள்ளச் சொன்னது, எதுவும் எனக்காக இல்லை. என் போனஸை எடுத்து, என் ஸ்கிரீனைச் சுருக்கி, மகள் கேட்டதை என் வீட்டில் பூட்டி வைத்திருக்கிறார். அந்த வருடம் போத்தனூர் வீட்டைக் கட்டி முடித்து அவருக்குக் கையைக் கடித்துக்கொண்டிருந்தது. நம் எல்லாருக்கும் அது தெரியும். பிள்ளையைப் படிக்கவைக்க, உனக்கு வாங்கி வைத்தாயிற்று என்று காட்ட ஒரு படம் தேவைப்பட்டிருக்கும். பரீட்சை முடிவதற்குள் இதேபோல் இன்னொன்று பூட்டிவிடலாம் என்று நினைத்திருப்பார். அதைக்கூட நம்பத் தயாராக இருக்கிறேன். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டி வந்திருந்தால் நான் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? பக்கத்து மேசையில் உட்கார்ந்து இத்தனை நாள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்த மனிதர், என்னை நம்பவில்லை.

"ஒரு தடவை போட்டுப் பாத்துட்டு எடுத்துட்டுப் போகட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு ஜெனியே பட்டனை அழுத்தினாள். ஊதா விளக்கு எரிந்தது. அடுத்து ஸ்கிரீனில் என் பெயர் வந்தது, பின்னால் நான் கேமில் ஓட்டும் சிவப்பு லாரி நின்றது. அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கெட்டிக்காரப் பிள்ளை. மேசைமேல் தேய்ந்துபோன மவுஸைப் பார்த்தாள், நான் ஓரமாக எடுத்து வைத்திருந்த முருகன் படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது யாருதுங்க ஆன்ட்டி?"

பொய் சொல்ல எனக்கு ஒரு நொடிதான் ஆகியிருக்கும். அப்பா உனக்காகத்தான் வாங்கினார், நான் சும்மா ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அந்தப் பிள்ளையிடம் இன்னொரு ஆளும் சேர்ந்து பொய் சொல்லவேண்டுமா?

"என்னுதுதான் கண்ணு. நான் வாங்குனது."

"அப்ப என்னுது?"

அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, அழுதிருந்தால் எனக்குத் தேவலை. "தெரிஞ்சிருந்தாலும் நான் படிச்சிருப்பேனே" என்று ஸ்கிரீனைப் பார்த்துச் சொன்னாள், என்னிடம் சொல்லவில்லை. அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை.

"எடுத்துட்டுப் போ கண்ணு. நான் வேற வாங்கிக்கறேன்."

"வேண்டாங்க ஆன்ட்டி. உங்களுது."

அவள் வேண்டாம் என்றதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? நிம்மதிதான். என்னை அப்படி நிற்கவைத்ததற்கும் சேர்த்து அந்தோணிராஜ் சாரைத் திட்டினேன்.

அவள் எழுந்து கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்தாள். விளக்கு அணையும்வரை காத்திருந்து, பெட்ஷீட்டுகளை ஒவ்வொன்றாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். காபி கலக்கட்டுமா என்று நான் கேட்டது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சாவு வீட்டிலிருந்துதான் யாரும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவார்கள். ஜெனி என் வீட்டிலிருந்து அப்படித்தான் கிளம்பிப் போனாள்.

நண்பர்களே, நீங்கள் அவர் கையால் வரைந்த வரைபடங்களை வைத்திருப்பீர்கள், அவர் சொன்ன நகைச்சுவைகளை வைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது ஒரு பெண் தன் அப்பாவோடு உட்கார்ந்து தனக்கென்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கம்ப்யூட்டர். நன்றாக ஓடுகிறது, இதுவரை ஒரு கோளாறு இல்லை. தினமும் சாயங்காலம் அதை என் பெயரில்தான் திறக்கிறேன்.