கைகூப்பிய ராஜா

என் தம்பியின் இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. போட்டது நான்தான், மர ஸ்கேலால். என்னை இளவரசியாகக் குகைக்குள் போய் உட்காரச் சொன்னான். குகை என்பது எங்கள் கட்டிலுக்கு அடி. வாள், அதாவது அந்த ஸ்கேல், எனக்குத்தான் வேண்டும் என்றேன், தரவில்லை, பிடுங்கி அடித்தேன். ரத்தம் அவன் கண்ணுக்குள் இறங்கியபோதும் எனக்குப் பாவமாக இல்லை, ஜெயித்த மாதிரிதான் இருந்தது. அம்மா விளக்குமாற்றோடு வந்ததும் தெருவுக்கு ஓடிவிட்டேன்.

எல்லாம் ஒரு தொடர்கதை செய்த வேலை. எண்பதுகளில், ராஜபாளையத்தில், எங்கள் வீட்டுக்கு வாராவாரம் ஒரு சிறுவர் பத்திரிகை வரும். அதில் ஒரு மாயாஜாலக் கதை மூன்று பாகமாக ஓடியது. ஒரு மந்திரவாதி, அவன் தூக்கிக்கொண்டு போன இளவரசி, அவளை மீட்கப் புறப்பட்ட அண்ணன்மார். வாரத்துக்கு ஒரு தலையாவது உருளும். மந்திரவாதியின் குகை மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்கு மேலேதான் இருக்கிறது என்று நானும் தம்பியும் எங்களுக்குள் முடிவுசெய்திருந்தோம்.

அப்பா பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்த்தார். ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு, எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சத்தமாக வாசிப்பார். தலை உருளும் இடம் வந்தால் குரலைத் தாழ்த்துவார். ஒரு பாகம் முடிந்ததும் அதன் பக்கங்களையெல்லாம் சேர்த்துத் தறி நூலால் தைத்து, முதுகுக்குப் பேண்டேஜ் துணி வைத்து, கஞ்சிப் பசை தடவி, அட்டை ஒட்டுவார். காய்ந்தால் பலகை மாதிரி இருக்கும். அப்படி மூன்று புத்தகங்கள்.

பதினான்கு வயதில் அந்தக் கதை எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சின்னப் பிள்ளைகள் படிப்பது என்று மூக்கைச் சுளித்தேன். அம்மா மூன்றையும் எடுத்து அரிசி டின்னுக்கு அடியில் முட்டுக்கொடுத்துவிட்டாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷனுக்குச் சைக்கிள் கடை. தெருவில் நல்ல பெயர். வீட்டுக்குள் வந்தால் கை நீளும். குழம்பில் உப்பு கூடினால் அறை, குறைந்தால் உதை. நானும் சும்மா வாங்கிக்கொண்டவள் இல்லை. அகப்பையால் அவன் முழங்கையை வீங்கவைத்திருக்கிறேன். அதற்கும் சேர்த்து வாங்கினேன்.

இரண்டு முறை பஸ் ஏறிப் பிறந்த வீட்டுக்கு வந்தேன். இரண்டு முறையும் அவனுடைய பெரியப்பா பழத்தட்டோடு பின்னாலேயே வந்தார். அப்பா வாசலில் நின்று கைகூப்பி, புத்தி சொல்லி அனுப்புகிறேன் என்றார். அனுப்பியும் வைத்தார். மூன்றாம் முறை அவன் எடுத்தது சைக்கிள் செயினை. தோளில் தோல் கிழிந்து, ரத்தம் ரவிக்கையோடு ஒட்டிப்போக, அப்படியே பஸ்ஸில் வந்து சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாக அவர்கள் சொல்லியனுப்பினார்கள். திரும்பிப் போனால் என்னைக் கொன்றுவிடுவான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அப்பா தினமும் தன் கையால் என் தோளுக்குக் கட்டு மாற்றினார். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

முதுகு பட்டுப் படுக்க முடியாது. குப்புறப் படுத்துக் கிடந்தவளுக்குப் பொழுது போகட்டும் என்று அம்மா அரிசி டின்னை நகர்த்தி அந்தப் புத்தகங்களை உருவிக் கொடுத்தாள்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. கதையில் வெட்டு வாங்கியவன் அடுத்த வாரமே எழுந்து குதிரை ஏறுகிறான். எனக்கானால் கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை. பிறகு இரண்டாம் பாகத்தின் நடுவில் ஓர் இடம் வந்தது. இளவரசி காவல்காரனின் காதைக் கடித்துத் துப்பிவிட்டுத் தானே தப்பிக்கிறாள். வெறுங்காலோடு மலையிறங்கிக் கோட்டைக்கு வருகிறாள். ராஜா வாசலுக்கு வந்து கைகூப்புகிறார், படமும் அப்படித்தான் போட்டிருந்தது. மகளே, நீ இங்கே இருந்தால் மந்திரவாதி ஊரையே எரித்துவிடுவான், அண்ணன்மார் வரும்வரை அங்கேயே பொறுத்திரு என்கிறார். அவள் திரும்பி மலையேறுகிறாள். அடுத்த வரியில் இரட்டைத் தலைக் கரடியோடு அண்ணன்மார் சண்டை.

பத்து வயதில் அந்த வரியைத் தாண்டிக் கரடியிடம் ஓடியிருக்கிறேன். அந்த ராஜாவை நல்லவர் என்று நினைத்திருக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் புத்தகத்தைச் சுவரில் வீசினேன். பலகை மாதிரி மோதி விழுந்தது, ஒரு தையல்கூட விடவில்லை.

ஞாயிறு காலையில் அந்தப் பக்கத்தைப் பிரித்து அப்பாவிடம் நீட்டி, முன்னே மாதிரி வாசிக்கச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ராஜா பேசும் இடத்தில், தலை உருளும்போது தாழ்வதுபோல, குரல் தாழ்ந்தது. பாதியில் நிறுத்திவிட்டார்.

“கதைதான தாயி,” என்றார்.

அவர்கள் வந்துவிட்டார்கள். பெரியப்பா வழக்கம்போல ஆரம்பித்தார். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும், பெண்தான் அனுசரித்துப் போக வேண்டும் என்றார். அவன் சுவரில் சாய்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா வாசல்படியில் நின்று கைகூப்பினார். புத்தகத்தில் இருந்த படம் அப்படியே அங்கே நின்றது.

“கையை எறக்குங்க அப்பா,” என்றேன்.

அவன் பாய்ந்து என் தலைமுடியைப் பிடித்தான். என் கையில் இரண்டாம் பாகம் இருந்தது. அதன் முதுகுப்பக்கமாகத் திருப்பி அவன் முகத்தில் இறக்கினேன். தம்பிக்குக் கிழிந்த அதே புருவம் அவனுக்கும் கிழிந்தது. மறுபடி அடித்தேன். தையல் விட்டுத் தாளெல்லாம் வீடு முழுக்கச் சிதறியது. அவன் என்னைக் கீழே தள்ளி, என் வயிற்றை நோக்கிக் காலை ஓங்கினான். அந்தக் காலை அப்பா பிடித்தார். பிடித்து ஒரே இழுப்பாக இழுத்ததில் அவன் மல்லாக்க விழுந்து பின்மண்டையைத் தரையில் அடித்துக்கொண்டான். அப்பாவிடம் அப்படி ஒரு பலம் இருப்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

“அவ வரமாட்டா சம்மந்தி,” என்றார் அப்பா. சத்தமே போடவில்லை. “இவனைக் கூட்டிட்டுக் கெளம்புங்க.”

ராஜா பயந்ததில் பொய் இல்லை. அடுத்த வாரம் இருட்டிய நேரத்தில் யாரோ எங்கள் ஓட்டில் கல்லெறிந்தார்கள். அப்பாவைத் தறிக்குப் போகும் வழியில் மறித்து ஒரு பல்லை உடைத்தார்கள். தம்பி அப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருந்தான். அவனுக்காக நாங்கள் காத்திருக்கவில்லை. அம்மா அரிவாள்மணையைக் கதவோரம் கொண்டுவந்து போட்டுக்கொண்டு அங்கேயே காய் நறுக்கினாள். கொஞ்ச நாளில் அவர்களுக்கும் சலித்துவிட்டது.

உதடு வீங்கிய முகத்தோடு அப்பா ஒருநாள் சிதறிய தாள்களை அடுக்கித் தைக்க உட்கார்ந்தார். நடுவில் ஒரு தாளை மட்டும் தனியே எடுத்துப் பிடித்திருந்தார். ராஜா கைகூப்பி நிற்கும் தாள்.

“இதைச் சேக்கவா, விட்டுறவா தாயி?”

“சேத்தே தைங்க,” என்றேன்.

அதை மற்ற தாள்களுக்கு நடுவில் வைத்துவிட்டு, அப்பா ஊசியில் நூலைக் கோத்தார்.