நாலாம் பக்கத்துப் பத்தி

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு டயர் கடை. அதன் மாடியில்தான் 'தொழில்நகர் முழக்கம்' என்ற வாரப் பத்திரிகை நடந்துகொண்டிருந்தது. நடந்துகொண்டிருந்தது என்பதைவிட, செங்கமலம் நடத்திக்கொண்டிருந்தாள் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். டைப் அடிப்பது, பிழை பார்ப்பது, பக்கம் கட்டுவது, போன் எடுப்பது எல்லாம் அவள். முதலாளி எழிலரசன் காலையில் வந்து ஃபேன் போட்டு உட்கார்ந்து, விளம்பரம் கொடுப்பவர்களிடம் போனில் பேசிவிட்டு, மத்தியானம் கிளம்பிவிடுவார். முன்பு நிருபர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மனை வியாபாரத்துக்குப் போனார். இன்னொருவர் ஏன் வேலையை விட்டு நின்றார் என்று செங்கமலத்துக்கு ஞாபகமில்லை.

அவள் வல்லம் வடகால் பக்கத்துக்காரி. அப்பாவின் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். டைப்பிங் பழகினாள், டிடிபி பழகினாள், பத்திரிகைக்கு வந்தாள், கல்யாணம் ஆனது, பெண் பிறந்தது. புருஷன் ஜீவானந்தம் ஒரகடத்தில் கார் கண்ணாடி செய்கிற கம்பெனியில் காண்டிராக்ட் ஆள். பெண் இப்போது காலேஜ் படிக்கிறது. அவள் வாழ்க்கையைச் சொல்ல உட்கார்ந்தால் அவ்வளவுதான் இருந்தது, அந்த மழைக்காலத்துக்கு முன்புவரை.

பத்திரிகைக்கு எட்டுப் பக்கம். முன்னால் விபத்தும் கலெக்டர் ஆய்வும், பின்னால் வீட்டு மனை விளம்பரம், நடுவில் கண்ணீர் அஞ்சலியும் காதணி விழாவும். நாலாம் பக்கத்தில் யாக்கோபு எழுதும் 'எதிர்வெயில்' என்ற பத்தி. அதற்குக் கீழே, அந்த வாரம் எந்த ஊரில் எப்போது கரண்ட் இருக்காது என்ற கட்டம்.

யாக்கோபு ஒருகாலத்தில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். தொழிற்சங்கம் ஆரம்பித்ததற்காக வெளியே அனுப்பினார்கள். கேஸ் நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. வண்டி இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்துப் பிழைத்துவந்தார். கோபக்காரர் என்று பெயர், ஆனால் மாடிக்கு வந்தால் சத்தமில்லாமல் பேப்பரை மேஜையில் வைத்துவிட்டுப் போகிறவர். பிறகு அதுவும் இல்லை; கையால் எழுதியதைப் போனில் படம் பிடித்து அனுப்பிவிடுவார். அந்தக் கோணல் எழுத்தைப் பத்து வருஷத்துக்கு மேலாக டைப் அடித்தவள் செங்கமலம். அவர் என்ன நினைக்கிறார் என்பது அவர் மனைவியைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் இரண்டு பேரும் சேர்ந்தாற்போலப் பத்து வார்த்தை பேசியதில்லை.

முன்பெல்லாம் அந்தப் பத்தி வந்தால் டீக்கடைகளில் சண்டை நடக்கும். சண்டை போட்டவர்கள் மாடியேறி வந்து மறுப்புக் கடிதம் கொடுப்பார்கள். நாளாக நாளாக டீக்கடைகளில் எல்லோரும் குனிந்து போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பத்திரிகைக் கட்டு கயிறு அவிழ்க்காமலே மூலையில் கிடந்தது.

அந்த வாரம் யாக்கோபு எழுதியது பூட்டைப் பற்றி. தென்மாவட்டத்திலிருந்து வந்து கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு விடுதியில் கடுங்காய்ச்சல். ஒன்பது மணிக்கு கேட்டைப் பூட்டிவிட்டால் யார் சொன்னாலும் திறப்பதில்லை என்பது அங்கே சட்டம். ஆம்புலன்ஸ் வெளியே நின்றது, பெண் உள்ளே கிடந்தாள். சாவி வர நேரமானது. பெண் பிழைத்துக்கொண்டாள், ஊருக்கும் போய்விட்டாள். விடுதியின் பெயரைச் சொல்லாமல் இதை எழுதிய யாக்கோபு, நடுவில் ஒரு வரி வைத்திருந்தார்: 'தன் பெண்ணைக் கம்பெனிக்கு அனுப்பத் தயங்குகிற இந்த ஊர், ஒரே அறையில் பன்னிரண்டு கட்டில் போட்டு, அடுத்த ஊர்ப் பெண்களைப் படுக்க வைத்துக் காசு பார்க்கிறது.'

பக்கம் முடிந்த பிறகு ஒரு சாவு விளம்பரம் வந்தது. பழைய பஞ்சாயத்துத் தலைவரின் தாயார். வேறு பக்கத்தில் இடமில்லாமல் செங்கமலம் நாலாம் பக்கத்தில் அதைச் செருகி, பத்தியைக் குறுக்கி, பக்கம் பக்கமாக இரண்டு பாதியாகக் கட்டினாள். அப்படிக் கட்டியதில் அந்த வரி இரண்டாக உடைந்தது. 'கட்டில் போட்டு' வரைக்கும் இடது பாதியின் அடியில் நின்றது. 'அடுத்த ஊர்ப் பெண்களைப் படுக்க வைத்துக் காசு பார்க்கிறது' என்பது வலது பாதியின் உச்சியில் முதல் வரியாகப் போய் உட்கார்ந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் மாற்றியிருப்பாளா என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை.

யாரோ அந்த வலது பாதியை மட்டும் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் ஜீவானந்தம் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது போனை அவள் முன்னால் நீட்டினான்.

"இது உங்க பேப்பர்ல வந்ததா? கம்பெனி லைன்ல எல்லாரும் பாத்துகினு கீறாங்க."

முழுசாகப் படித்தால் அர்த்தம் வேறு என்றாள் அவள்.

"முழுசு எங்க கீது?"

அலமாரித் தட்டில் விரித்த பழைய இதழ்கள்தான் வீட்டில் இருந்தன. அந்த வாரத்து இதழ் இல்லை. அவளே வீட்டுக்கு ஒன்று எடுத்து வருவதை நிறுத்தி ரொம்ப நாளாகியிருந்தது. ஜீவானந்தம் போனை எடுத்து வைத்தான். சாப்பிட்டுப் படுத்துவிட்டான்.

மறுநாள் மாடிப்படி கொள்ளாமல் ஆட்கள் வந்தார்கள். முன்னால் பாண்டுரங்கன். அறை வாடகைக்கு விடுகிறவர்கள் சங்கத்துக்குச் செயலாளர். நெல் போட்ட இடத்தில் நாலு மாடி கட்டிப் பெண்களுக்கு விடுதி வைத்திருப்பவர். கூட வந்தவர்கள் கத்தினார்கள். எங்க வூட்டுப் பொம்பளைங்களை மாமா வேலை பாக்கறவளுங்கன்னு எழுதுவியா என்று ஒருவர் மேஜையைத் தட்டியதில் பேனா ஸ்டாண்டு கீழே விழுந்தது. எழிலரசன் எழுந்து நின்று கும்பிட்டபடியே இருந்தார். செங்கமலம் பேனாக்களைப் பொறுக்கிவைத்துவிட்டு, இதழைப் பிரித்து, முழுப் பத்தியையும் பாண்டுரங்கன் பக்கம் திருப்பி வைத்தாள். இந்த வரிக்கு முன்பாதி இங்கே இருக்கிறது, படித்துப் பாருங்கள் என்றாள்.

பாண்டுரங்கன் கத்துகிற ஆள் இல்லை. இதழைத் தொடவும் இல்லை.

"நான் பேப்பர் படிக்கிறதில்லம்மா. இங்க வந்தவன்ல ஒருத்தனும் படிக்கிறதில்ல. எல்லாரும் பாத்தது போன்ல வந்ததுதான். நீ எனக்கு முழுசா காட்டி இன்னா ஆவப்போவுது?"

அவள் இதழை மடித்தாள். அவர் சொன்னது சரி என்றுதான் பட்டது. யாரோ காதுக்குள் பஞ்சை வைத்தாற்போல அறையின் சத்தம் தூரத்துக்குப் போனது.

பேசி முடித்தார்கள். முதல் பக்கத்தில் வருத்தம் தெரிவிப்பது, யாக்கோபின் பத்தியை நிறுத்துவது, அந்த இடத்தில் பாண்டுரங்கன் பெயரில் 'மறுபக்கம்' என்று பத்தி போடுவது. எழிலரசன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சங்கத்து விளம்பரம் நின்றால் பத்திரிகையும் நிற்கும் என்பது ஊருக்கே தெரியும்.

யாக்கோபிடம் சொல்கிற வேலை செங்கமலத்திடம் வந்தது. போனில் சொன்னாள். வரியை உடைத்தது தன் கை என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

"நீ எங்க வெட்டியிருந்தாலும் எதையாவது புடிச்சிருப்பாங்க. வுடு," என்றார் அவர். பிறகு, "எழிலரசன் பேச மாட்டாரா?" என்று கேட்டார்.

சார் வெளியே போயிருக்கிறார் என்றாள். எழிலரசன் எதிரே உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தார்.

பாண்டுரங்கனுக்கு எழுத வராது. வண்டி ஓட்டிக்கொண்டே வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். ஹாரன் சத்தத்துக்கும் லாரி சத்தத்துக்கும் நடுவில் அவர் சொன்னது இவ்வளவுதான்: நாங்க இடம் குடுக்கலன்னா இந்தப் பொண்ணுங்க எங்க தங்குவாங்க, பூட்டு போடலன்னா நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரக் கேப்பாங்க, வூட்டுக்குப் பெரியவனா நின்னு பாத்துக்கறோம், அதப் போடு.

செங்கமலம் உட்கார்ந்து எழுதினாள். கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள், இல்லை. யாக்கோபு எங்கே தொடங்குவார், எதை முதலில் ஒத்துக்கொண்டு பிறகு அடிப்பார், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவார் என்பதெல்லாம் விரலுக்கே தெரிந்திருந்தது. அந்தப் பழக்கத்தை வைத்தே அவருக்குப் பதில் கட்டினாள். அவர் எழுப்பக்கூடிய கேள்விகளை அவர் எழுப்புவதற்கு முன்பே அடைத்தாள். முடித்துப் படித்துப் பார்த்தபோது நன்றாக இருந்தது. சந்தோஷமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. பக்கம் கட்டிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

அந்தப் பத்தியும் குழுவில் படமாக வந்தது. கைகூப்புகிற படங்களும் கட்டைவிரல்களும் வரிசையாக விழுந்தன. ஜீவானந்தமும் ஒரு கட்டைவிரல் போட்டிருந்தான். எழுதியது அவள் என்று அவனுக்குத் தெரியாது. சொல்லவும் அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் யாக்கோபு மாடியேறி வந்தார். பத்தியோடு போடுகிற என் படம் ஒன்று இங்கே இருந்தது, எடுத்துப் போக வந்தேன் என்றார். எழிலரசன் இல்லை. மேஜைமேல் கிடந்த இதழை நின்றபடியே படித்தார். முழுசாகப் படித்தார். படிக்கும்போது அவருடைய உதடு லேசாக அசைந்தது.

"இது நீ எழுதினது."

"அவரு சொன்னாரு, நான் டைப் பண்ணேன்."

"'ஆயினும்'னு பாண்டுரங்கன் சொல்ல மாட்டான். 'ஆயினும்' நான் எழுதற வார்த்த." இதழை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தார். "நல்லாத்தான் கீது."

குத்திப் பேசினாரா, மெய்யாகவே சொன்னாரா என்று அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. பதில் எழுதுவதாக இருந்தால் கொடுங்கள், சாரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொன்னாள். வேணாம் என்று கையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார். எடுக்க வந்த படத்தை மறந்துவிட்டுப் போயிருந்தார். அவள் அதை ஒரு கவரில் போட்டு, அவருக்குத் தெரிந்த டீக்கடையில் கொடுத்து அனுப்பினாள்.

பத்தி நின்றதைப் பற்றி யாராவது போன் செய்வார்கள் என்று சில வாரம் எதிர்பார்த்தாள். ஒரே ஒரு போன் வந்தது. மாம்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர். நாலாம் பக்கத்தில் அடியில் வருமே, அது எங்கே காணோம் என்று கேட்டார். யாக்கோபு பத்தியா என்றாள். அது யாருது, கரண்ட் கட் நேரம் போடுவீங்களே, அதத்தான் கேக்கறேன் என்றார் அவர். மூன்றாம் பக்கத்துக்கு மாற்றியிருக்கிறோம் என்றாள். அவர் நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

தை மாசத்தில் விடுதிகளில் கேட் பூட்டும் நேரம் மாறியது. பெரிய கம்பெனி ஒன்று ஷிஃப்ட் நேரத்தை மாற்றியதால் விடுதிகளும் மாற்றிக்கொண்டன. இப்போது பத்தரை. யாரும் எழுதியோ கேட்டோ நடந்ததில்லை. செங்கமலம் அதை நாலு வரிச் செய்தியாக ஐந்தாம் பக்கத்தில் போட்டாள்.

பாண்டுரங்கனுக்கும் பத்தி அலுத்துப்போனது. ஒரு வாரம் மெசேஜ் வரவில்லை என்று அவள் கேட்டபோது, நீயே எதுனா போட்டுக்கம்மா என்று சொல்லிவிட்டார். அவள் மழைத்தண்ணீர் வடிகிற கால்வாய் அடைத்துக் கிடப்பதைப் பற்றி எழுதி அவர் பெயரில் போட்டாள். அடுத்த வாரம் குப்பை லாரியைப் பற்றி. கடைசியில் எழுதியதில் சங்கத்து ஆட்கள் வாடகை ரசீது கொடுப்பதில்லை என்றுகூட ஒரு வரி வைத்துப் பார்த்தாள். பாண்டுரங்கன் பெயரில், பாண்டுரங்கன் படத்துக்குக் கீழேயே. ஒருவரும் வரவில்லை, ஒருவரும் கத்தவில்லை. குழுவில் யாரும் படம் பிடித்துப் போடவும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்குக் கொஞ்சம் அழுகை வரும்போல இருந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வரவில்லை.

சித்திரையில் சங்கம் விளம்பரத்தை நிறுத்திவிட்டது. கோபம் எதுவும் இல்லை; ரீல்ஸ் போட்டால் நிறையப் பேர் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். எழிலரசன் ஒரு மத்தியானம் வழக்கம்போலக் கிளம்ப எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டே, அடுத்த வாரத்திலிருந்து அச்சு வேண்டாம் என்றார். போனில் அனுப்புகிற மாதிரி ஏதாவது செய்யலாமா என்று பார்க்கிறேன், உன்னைக் கூப்பிடுகிறேன் என்றார். சரி சார் என்றாள். கூப்பிடவில்லை. மாடியை டயர் கடைக்காரர் எடுத்துக்கொண்டார்.

செங்கமலத்துக்கு ஒரகடத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. பெட்டிகளின்மேல் ஒட்டும் லேபிளைக் கம்ப்யூட்டரில் அடித்து எடுத்துக் கொடுக்கிற வேலை. பாகத்தின் பெயர், எண், போகிற இடம். வரி உடைந்தாலும் அர்த்தம் மாறாது. சம்பளம் முன்பைவிடக் கொஞ்சம் கூடவே. கம்பெனி வேன் வீட்டுக்குக் கிட்டேயே வந்து ஏற்றிக்கொள்கிறது. ஜீவானந்தத்துக்குத் திருப்தி.

ஒருநாள் வேன் நிற்கும் இடத்தில் யாக்கோபைப் பார்த்தாள். பைக்கில் ஒரு காலை ஊன்றி நின்று யாரிடமோ போனில் பாலிசி எண் சொல்லிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். இப்போது எழுதுகிறீர்களா என்று கேட்க நினைத்தாள். பெண் என்ன படிக்கிறாள் என்று அவர் கேட்டார். சொன்னாள். நல்லது என்றார். வேன் வந்துவிட்டது.

பக்கத்து மேஜையில் முத்துச்செல்வி என்று ஒரு பெண். விளாத்திகுளத்துக்காரி. இரண்டு வருஷமாகச் சுங்குவார்சத்திரத்தில்தான், ஒரு விடுதியில் தங்கியிருக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில், இதுக்கு முன்ன எங்கக்கா வேலை பாத்தீங்க என்று கேட்டாள்.

"ஒரு பேப்பர்ல."

"எந்தப் பேப்பரு?"

செங்கமலம் பெயரைச் சொன்னாள். முத்துச்செல்வி யோசித்துப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். கேள்விப்பட்டதே இல்லியேக்கா என்றாள், வருத்தப்படுகிற மாதிரி. டீக்கடையில் எல்லாம் போடுவோமே என்று செங்கமலம் சொல்லவில்லை. சின்னப் பேப்பர்தான் என்றாள்.

முத்துச்செல்வி தன் டப்பாவிலிருந்து மாங்காய் ஊறுகாய் ஒரு துண்டு எடுத்து அவள் தட்டில் வைத்தாள். ஊரிலிருந்து அம்மா கொடுத்துவிட்டதாம். காரமாக இருந்தது. செங்கமலம் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டு, மிச்சமிருந்த லேபிள்களை அடிக்கப் போனாள்.