காக்கிச் சட்டைப் பொத்தான்

எங்கள் தெரு சலவைக்கடை அக்கா, துவைக்க வரும் சட்டைப் பைகளில் கிடைத்து யாரும் கேட்டு வராத சாமான்களைப் அருங்காட்சியகப் பட்டாம்பூச்சி மாதிரி கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டி, சீட்டெழுதி மாட்டுவாள்.

“குப்பைக்குக் கண்ணாடி மாளிகை!” என்பார் இஸ்திரி போடும் கணவர்.

நேற்று துணி வாங்க வந்த போலீஸ்காரர் அங்கே ஒரு சீட்டைப் படித்தார்: ‘உடைந்த பொத்தான். காக்கிச் சட்டை, இடது பை.’ துள்ளிக் குதித்தார்.

“பொத்தானா? என் பொண்ணுக்கு முதமுதல்ல விழுந்த பல்லும்மா! வீட்டையே தலைகீழாப் புரட்டிட்டோம்!”

“அடக் கடவுளே! எடுத்துத் தரட்டுமா சார்?”

“ஐயோ, தொடாதீங்க! அவ வந்து பாக்கட்டும். சீட்டை மட்டும் மாத்துங்க.”

பேனா எடுக்க ஓடியவர் கணவர்தான்.

இன்று காலை கடை வாசலில் அந்தச் சிறுமியோடு அவள் வகுப்பே நின்றது, ஆளுக்கொரு பல்லை ஆட்டிக்கொண்டு.