அடைப்புக்குறிக்குள் ஓர் ஊர்

மனைவி இறந்த அன்று மாலை, அவளுடைய மரண அறிவித்தலை நானே எழுதினேன். வட்டுக்கோட்டையில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். இணுவிலில் எங்கள் அயலில் யார் இறந்தாலும் அறிவித்தல் எழுத என்னிடம்தான் வருவார்கள். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று அதற்கு ஒரு வரிசை உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அவர் இருக்கும் இடம் வரும். அடியில் தொடர்புக்கான தொலைபேசி இலக்கங்கள். முன்பு பத்திரிகையில் வந்தது, இப்போது இணையத்தில் வருகிறது. செத்த வீட்டுக்கு வரமுடியாத வெளிநாட்டுச் சனம் அந்த இலக்கங்களுக்கு எடுத்துத்தான் அழும்.

எங்களுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் கனடாவில். மகள் வேறு ஒரு நாட்டில் கணவனோடு இருந்தாள். அவன் அடித்து அவளுடைய கை முறிந்தது. கட்டுப் பிரித்ததும் தன் ஒரே பிள்ளை சின்னவளைத் தூக்கிக்கொண்டு இன்னொரு நாட்டிலுள்ள ஒரு சிறிய பட்டினத்துக்குப் போய்விட்டாள். எந்த நாடு, எந்தப் பட்டினம் என்று இங்கே எழுத மாட்டேன்.

புது இலக்கத்தை எங்களுக்கு மட்டும் தந்தாள்.

“ஆருக்கும் குடாதேங்கோ அப்பா. மாமாவுக்கும் வேண்டாம்.”

“நான் என்ன சின்னப் பிள்ளையே?” என்றேன்.

மாமா என்றது என் மனைவியின் தமையனை. எங்களோடுதான் இருக்கிறார். அன்று மாலை அவர் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார்.

“மச்சான், அந்த நாயின்ரை பேரைப் போடப் போறியளோ?”

“போடமாட்டன்.”

“நல்லது. ஆனா இவளின்ரை பேருக்குப் பக்கத்திலை ஊர் இல்லாட்டி, ஆரோடையோ ஓடிப்போட்டாள் எண்டு சனம் கதைக்கும். செத்தவீட்டுக்கும் வரேல்லை. கதைக்கிறதுக்குச் சனத்துக்கு வேறை என்ன வேணும்?”

அது எனக்கு நியாயமாகப் பட்டது. அவள் வரமுடியாமல் தொலைபேசியில் கதறிக்கொண்டிருந்தாள். நாலு பேர் எடுத்து ஆறுதல் சொன்னால் நல்லதுதானே என்றும் நினைத்தேன். மருமகனின் பெயரை விட்டதே அவளுக்குப் பெரிய காவல் என்பதுபோல ஒரு திருப்தி எனக்கு இருந்தது. அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு அந்தப் பட்டினத்தின் பெயரை எழுதினேன். அடியில் இலக்கத்தைக் கொடுத்தேன். இணையத்தில் போடுகிற பெடியன் முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டினான்.

“எல்லாம் சரியோ ஐயா?”

ஓரிடத்தில் விட்டுப்போன ஒற்றெழுத்தைச் சேர்க்கச் சொன்னேன். மற்றதெல்லாம் சரி என்றேன்.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பொழுதும் அவள் அழைப்பில்தான் இருந்தாள், மற்ற அறையில், தாயின் தலைமாட்டில் யாரோ பிடித்துக்கொண்டிருந்த தொலைபேசியில்.

காடாத்து முடித்து, சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மகள் தொலைபேசியில் எடுத்தாள்.

“அப்பா, அவர் எடுத்தவர்.”

யார் என்று நான் கேட்கவில்லை. இன்னமும் அவனை ‘அவர்’ என்கிறாளே என்பதுதான் முதலில் என் மனதில் பட்டது.

“என்னவாம்?”

“அம்மாவுக்காக அழுதவர். வடிவாத்தான் கதைச்சவர். பிறகு, உங்கை இப்ப பனி கொட்டுதாமே, பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கினனியோ எண்டு கேட்டவர்.”

கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“நம்பர் எப்பிடி அவரிட்டைப் போனது அப்பா?”

“அறிவித்தல் போடுற பெடியன் என்னவோ செய்துபோட்டான்.”

“அவனுக்கு ஆர் குடுத்தது?”

முகத்துத் தண்ணீரைச் சால்வைத் தலைப்பால் துடைத்தேன்.

“நீங்களோ குடுத்தனீங்கள்?”

“ஓம் பிள்ளை.”

அவள் திட்டவில்லை. “சரி, நான் சாமான் கட்டோணும்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பெடியனிடம் கெஞ்சினேன். அவன் உடனே அறிவித்தலை எடுத்துவிட்டான். ஆனால் அதற்குள் என்னிடம் படித்தவர்கள், எங்கள் ஆசிரியரின் துணைவியார் என்று மரியாதையோடு அதைப் படமெடுத்துக் குழுக்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னேன். காரணம் கேட்டார்கள். அதைச் சொன்னால் இன்னொரு கதை கிளம்பும் என்று மழுப்பினேன். சிலர் அழித்தார்கள். சிலர், “இப்ப மட்டக்களப்பு ஆக்களின்ரை குழுவுக்கும் போட்டனான் சேர்” என்று ஆறுதல் சொன்னார்கள்.

யாரோ அதை அச்சடித்துச் சந்தியிலும் ஒட்டியிருந்தார்கள். போய்க் கிழித்தேன். பசை காய்ந்துவிட்டதால் மனைவியின் முகம் பாதியோடு நின்றுவிட்டது. நகத்தால் சுரண்டினேன். முன்கடைக்காரர் இறங்கி வந்தார்.

“என்ன மாஸ்ரர், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிய முன்னமே கிழிக்கிறியள்? அவ்வளவு அவசரமோ?”

“எழுத்துப்பிழை” என்றேன்.

“உங்கடை எழுத்திலையோ?” என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அவன் அந்தப் பட்டினத்துக்குப் போனான். மகள் இருந்த கட்டடத்தின் கீழே நின்றதைப் பக்கத்து வீட்டுப் பெண் கண்டிருக்கிறாள். அதற்கு முதல்நாளே மகள் வெளிக்கிட்டுவிட்டாள். சின்னவள் இப்போதுதான் ஒரு பள்ளிக்கூடத்தில் சிநேகிதம் பிடித்திருந்தாள். அதையும் விட்டுவிட்டுப் போனாள்.

இப்போது எங்கே என்று எனக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. இலக்கம் காட்டாத அழைப்பு வந்தால் அவள்தான். பின்னால் பேத்தி ஏதோ ஒரு மொழியில் பாடிக் கேட்கும். அது என்ன மொழி என்று என் மனம் ஓடத் தொடங்கும். உடனே மச்சானின் முழங்கால் நோவைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவேன். தெரியாதவனிடமிருந்து ஒன்றும் வெளியே போகாது.

போன கிழமை எடுத்தபோது சொன்னேன்.

“பிள்ளை, என்ரை அறிவித்தலை நானே எழுதி வைச்சிட்டன்.”

“என்னப்பா உந்தக் கதை?”

“அதிலை உன்ரை பேர் இல்லை. சின்னவளின்ரை பேரும் இல்லை.”

எங்கள் ஊரில் அறிவித்தலில் பிள்ளையின் பெயரை விட்டால், தலைமுழுகியாயிற்று என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும்.

“மாமா என்ன சொல்லுவார்?”

“சொல்லட்டும்.”

மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “சரியப்பா” என்றாள். பிறகு குரல் மாறியது. “அப்பா, ஸ்பீக்கரிலையோ கதைக்கிறியள்?”

காது மந்தமானதிலிருந்து அப்படித்தான் கதைத்துப் பழக்கம். முன் விறாந்தையில் மச்சான் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். தாள் திருப்புகிற சத்தம் நின்றிருந்தது.

“ஓம்” என்றேன். அதை நிற்பாட்டுகிற இடத்தைத் தேடி அழுத்திக் காதில் வைத்தபோது, அவள் வைத்துவிட்டிருந்தாள்.