கீழ்வீட்டில் கேட்ட சத்தம்

சுவிஸின் வின்டர்தூரில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்தவர் அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை செய்தார். நரைத்த மீசை, எப்போதும் அயர்ன் பண்ணிய சட்டை. பொதுச் சலவை அறையில் தன் முறை முடிந்ததும் மெஷினை உள்ளும் புறமும் துடைத்துவிட்டுத்தான் போவார். கனடாவில் இருக்கும் அக்காவும் நானும் அவருக்குத் 'துடைப்பர்' என்று பெயர் வைத்துச் சிரிப்போம்.

மகளின் பிறந்தநாளுக்கு அவருடைய புளூடூத் ஸ்பீக்கரைத்தான் இரவல் வாங்கி, கொம்பியூட்டருடன் இணைத்துப் பாட்டுப் போட்டேன். அதைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் அக்கா அழைத்தபோது கொம்பியூட்டரில் சத்தமே வரவில்லை. "கேக்கேல்லை அக்கா, பலமாக் கதையுங்கோ" என்று கத்திக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அவர்தான்.

"தங்கச்சி, உங்கட அக்கா கீழை என்ரை ஸ்பீக்கரிலை கதைக்கிறா."

சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து, செட்டிங்கில் தன் ஸ்பீக்கரை நீக்கினார். உடனே அக்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"இப்பவாவது கேக்குதோ? துடைப்பர் இண்டைக்கும் மெஷினைத் துடைச்சவரோ எண்டெல்லோ அப்ப இருந்து கேக்கிறன்!"

"இப்ப சத்தம் வடிவா வருது" என்றார் அவர். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அடுத்த வாரம் எங்கள் முறை வந்தபோது சலவை அறைக்குப் போனேன். மெஷின் வழக்கம்போலத் துடைத்துச் சுத்தமாக இருந்தது. அதற்குள் உடுப்பைப் போட எனக்குக் கை கூசியது.