அன்பான ஜெபப் பங்காளிகளே

சூட்கேஸ் டீச்சர் என்றுதான் சபைகளில் அவளுக்குப் பேர். பத்தொன்பது வருஷமாக எங்கோ மலைக்காட்டில் மிஷனரிப் பள்ளிக்கூடம் நடத்துகிறாள். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு. விடுப்பு என்று சொல்வதோடு சரி. பணம் அனுப்பித் தாங்குகிற சபைகளை எல்லாம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். பள்ளிக்கூடமே தேவலாம் என்று ஆகிவிடும்.

இந்தத் தடவை ஒன்பது சபை. ஒன்பதிலும் அதே படக்காட்சி, அதே பேச்சு, கடைசியில் ஆறிப்போன டீ. அங்கே பாம்பு உண்டா, கரண்ட் உண்டா, பிள்ளைகள் நன்றாகப் பாடுவார்களா என்று கேட்பார்கள். அவளும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். மனசிலோ ஒரே கவலை: எட்டு மாதமாக அப்பா போனுக்கு வருவதில்லை. தங்கைதான் எடுப்பாள், அப்பா குளிக்கிறார் என்பாள். எந்த மனுஷன் எட்டு மாதமாகக் குளிப்பான்? அப்பாவுக்கு வயது எழுபத்தெட்டு. இப்போது விட்டால் அடுத்த விடுப்புக்குள் என்ன ஆகுமோ, யார் கண்டது.

எட்டு வாரத்தைச் சபைகள் விழுங்கிவிட்டன. வீட்டுக்கு மிஞ்சியது இரண்டே நாள்.

கதவைத் திறந்த அப்பா, "வாங்க பங்காளி" என்றார். சிரிக்கவில்லை. போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தங்கையை அடுப்படியில் மடக்கினாள். தங்கை விஷயத்தைப் போட்டு உடைத்தாள். போன வருஷம் சபைகளுக்கு அச்சடித்து அனுப்பிய கடிதத்தில் ஒரு பிரதி வீட்டுக்கும் வந்திருக்கிறது. 'அன்பான ஜெபப் பங்காளிகளே' என்று ஆரம்பம். சபையில் அது தங்கமான வார்த்தை; கூட நின்று ஜெபிக்கிறவர்கள் என்று அர்த்தம். அப்பாவோ பெரியப்பா மகன்களோடு பங்குத் தகராறில் பாதி ஆயுசைத் தொலைத்தவர். பெற்ற மகளே பங்காளி என்றால் அவருக்குக் குளிரவா செய்யும்?

"அதக்கூட விட்ரு, அக்கா. புதுக் கரும்பலகைக்கும் ஒழுகுற கூரைக்கும் நடுவுல ஒரு வரி எழுதியிருந்தியே. காய்ச்சல்ல பன்னெண்டு நாள் ஆஸ்பத்திரில இருந்தேன், தேவ கிருபையால் சுகம்னு. அப்பாவுக்கே அதப் படிச்சுத்தான் தெரிஞ்சுது."

அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டில் சொன்னால் பதறுவார்களே என்று அப்போது போன் செய்யாமல் இருந்தாள். கடிதம் வீட்டுக்கும் போகும் என்பது புத்தியில் உறைக்கவே இல்லை. படித்தவளுக்கு வந்த மதியைப் பாருங்கள்!

மறுநாள் காலை தங்கை வேலைக்குப் போனதும் அப்பா பக்கத்தில் நாற்காலியைப் போட்டாள். வாய் திறந்தால் பழக்க தோஷம், சபைப் பேச்சுதான் வந்தது. போன வருஷம் கர்த்தர் அங்கே செய்த காரியங்கள் என்று தொடங்கி, பிள்ளைகளின் எண்ணிக்கை வரைக்கும் போய்விட்டாள். அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"அதெல்லாம் சபையில சொல்லு. அந்தப் பன்னெண்டு நாளும் உன் பக்கத்துல யார் இருந்தா?"

ஒன்பது சபையில் ஒருத்தரும் இதைக் கேட்கவில்லை.

"யாரும் இல்லப்பா. ஜுர வேகத்துல உங்களத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேனாம். நர்ஸ் சொன்னா."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொள்ளவில்லை.

"ஒரு போன் போட்டிருந்தா வந்திருப்பேனே."

"எப்படிப்பா வருவீங்க? ரெண்டு ரயில், அப்புறம் மூணு பஸ் மாறணும்."

"நாப்பது வருஷம் பஸ் ஓட்டுனவன்கிட்ட பஸ் மாறணும்னு சொல்றியா? வந்திருப்பேன்டி."

அவள் அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஐம்பத்திரண்டு வயதில், தேம்பித் தேம்பி அழுதாள்.